நான் குடிக்காத பீடியும் அக்கா அரைத்த மருதாணியும்

சிவப்பு மருந்து ஏறும்போது எப்படி இருக்கும் என்று இதுவரை நான்கைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் அடுத்த வாரம் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள், இல்லையென்றால் அவர்கள் வீட்டு ஆட்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக உளறி வைத்தேன். உட்கார்ந்து எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லலாமே என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. எழுத ஆரம்பித்த பிறகுதான் நான் சொல்ல வேண்டியது மருந்தைப் பற்றி மட்டும் இல்லை என்று தெரிந்தது.

என் பெயர் ஆரோக்கியம். இந்தப் பெயரோடு புற்றுநோய் வார்டில் படுத்துக் கிடப்பவன் எத்தனை பேருடைய சிரிப்பைத் தாங்க வேண்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வோம். நாற்பது வயது முடியும் சமயத்தில் கழுத்தின் இடப்பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. வலிக்காததை யார் மதிக்கிறார்கள்? அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்த பிறகுதான் விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளும் நான் எல்லோரோடும் சண்டை போட்டேன். பிறகு டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். உடம்பில் ரத்தக் குழாய்களின் கூடவே நிணநீர் என்று ஒன்று ஓடுகிறதாம், அதன் முடிச்சுகளில் வந்திருக்கிற புற்று. மருந்திலேயே குணமாக வாய்ப்பு உண்டு. இருபத்தோரு நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. நான்கு மருந்துகள், அதில் ஒன்று சிவப்பு.

"அந்த செவப்புதான் முக்கியமான ஆளு. அது ஏறின ஒண்ணு ரெண்டு நாளைக்கு யூரின் செவப்பா போகும். பயந்துடாதீங்க" என்றார் நர்ஸ்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதுவே பிறகு என்னை மோசம் செய்தது.

இப்போது, எப்படி இருக்கும் என்ற கேள்வி. முதலில் வாந்தி வராமலிருக்க ஓர் ஊசி போடுவார்கள். அதிலேயே பாதிக் கண் சொருகிவிடும். பிறகு சிவப்பு மருந்து. சலைன் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் டாக்டரம்மாவே உட்கார்ந்து மெல்ல மெல்லச் செலுத்துவார். குழாய் நெடுக அந்த நிறம் என் கையை நோக்கி வரும். கேட்டுக்கு முதல் கோட்டாக நாங்கள் அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்டின் நிறம், கொஞ்சம் கூடுதல் பளபளப்பு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க வெளியே அடிப்பதை எனக்கு உள்ளே அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பகல் முழுவதும் ஒரு மிதப்பு. ஜங்ஷனில் ரயில் அறிவிப்பது காற்று வாக்கில் ஜன்னல் வழியாக வரும். மயிலாடுதுறை போவது, புதுச்சேரி போவது, காட்பாடி போவது. அரைத்தூக்கத்தில் அந்தக் குரல் என் பெயரையும் சேர்த்து அறிவிக்கும். ஆரோக்கியம் இன்னும் சற்று நேரத்தில் ஐந்தாவது நடைமேடைக்கு வந்து சேரும். நானும் வந்து சேர்வேன். யாரும் இறங்கமாட்டார்கள், யாரும் ஏறமாட்டார்கள். பெஞ்சில் ஸ்டெல்லா மட்டும் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணைத் திறந்தாலும் அதே ஸ்டெல்லா, அதே டிபன் பாக்ஸ். எது கனவு என்று பிரித்துப் பார்க்க நான் மெனக்கெடவில்லை.

முதல் தடவை முடிந்து திண்டிவனத்துக்கே திரும்பிவிட்டேன். சிறுநீர் இரண்டு நாள் சிவப்பாகப் போனது, நின்றது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மற்றபடி ஒன்றுமில்லை.

இரண்டாவது தடவை லூர்து அக்கா குறுக்கே வந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், கோலியனூரில் இருக்கிறாள். மாமா லாரியில் வடக்கே போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். வீட்டில் அவளும் பள்ளிக்கூடம் போகிற மகள் ஜெனியும்தான்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து ஆட்டோல ஏறுனா என் வூடு. திண்டிவனம் வரைக்கும் பஸ்ல குலுங்கிக்கினு எதுக்குடா போவணும்?" என்று கேட்டாள். அது கேள்வி இல்லை. ஏற்கனவே எனக்குக் கட்டில் போட்டுவிட்டிருந்தாள்.

என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "கொதிக்குதுடா. மருந்து சூடு" என்றாள். பின்பக்கம் கிணற்றடியில் அவள் வளர்த்த மருதாணி ஆள் உயரத்துக்கு நின்றது. பறித்து, கொட்டைப்பாக்கு வைத்து, அம்மியில் மைய அரைத்து எடுத்து வந்தாள். எங்கள் பக்கத்தில் சூட்டுக்கு அதுதான் வைத்தியம். ஆம்பளை பொம்பளை என்று பார்ப்பதில்லை. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் அப்பிவிட்டு, பத்து நகத்துக்கும் தொப்பி போட்டாள். அந்தக் குளிர்ச்சியை எப்படிச் சொல்ல. வாய் முழுக்கப் புண், வயிறு பூரா எரிச்சல், உலகத்தில் எதுவும் எனக்கு நல்லதாக இல்லாத நாட்கள் அவை. அந்தப் பச்சை விழுது பட்ட இடம் மட்டும் நிம்மதியாக இருந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா பார்க்காத மாதிரி இருந்தாள்.

மூன்றாவது தடவைக்குள் தலை சுத்தமாக வழுக்கை. இந்த முறை அக்கா கைகால்களோடு நிற்கவில்லை, ஒரு கிண்ணம் விழுதை மண்டை முழுக்க அப்பினாள். ஒரு நாள் பூரா அப்படியே இரு என்றாள். ஜெனி என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் புரண்டாள். மறுநாளும் ஒரு கிண்ணம். "நல்லா செவந்துக்கிச்சு பாரு. ஸ்டெல்லா ஒம்மேல உசுரா கீறா" என்று அக்கா கேலி செய்தாள். ஸ்டெல்லாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது.

நான்காம் நாள் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனது. நர்ஸ் சொன்னது நினைவில் இருந்ததால் நான் பயப்படவில்லை. ஒண்ணு ரெண்டு நாள் என்றார், எனக்கு நாலு நாள் ஆகிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். முதுகு வலித்தது, படுத்தே கிடப்பதால் என்று நினைத்தேன். யாராவது என் நகத்தைப் பார்த்திருந்தால் ரத்தம் இல்லாமல் வெளுத்துக் கிடப்பது தெரிந்திருக்கும். ஆனால் என் நகம்தான் கல்யாண மாப்பிள்ளை நகம் மாதிரி சிவந்து கிடந்ததே. ஆறாம் நாள் கிணற்றடிக்கு நடந்து போனவன் மருதாணிச் செடிக்குப் பக்கத்திலேயே சரிந்தேன். விழும்போது இலை வாசனை மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் ஐந்து என்றார்கள். குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டியது. கண் மஞ்சளாகியிருந்தது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் என் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு வெச்சது?"

"எங்க அக்கா, டாக்டர்."

"தலைலயுமா?"

"ஆமாங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டு போனார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. யாரோ முகம் தெரியாத ஆளுடைய ரத்தம். அவர் கனவும் சேர்ந்து ஏறியதோ என்னவோ, இரண்டு நாள் நான் பார்த்தே இராத கடலைக் கனவு கண்டேன்.

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா கட்டிலருகே நின்று சொன்னார்: "ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்களுக்கு ஜி சிக்ஸ் பீடி கம்மியா இருக்கு."

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். "பீடியா? கம்மியா இருந்தா நல்லதுதானுங்களே டாக்டர்? அவரு ஒண்ணுகூடத் தொடமாட்டாருங்க."

பக்கத்துக் கட்டிலில் கண்டாச்சிபுரத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். "ஆறாம் நம்பர்ல பீடி வந்துக்கீதா? நா பாக்கவே இல்லியே" என்றார் சீரியஸாக. டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிவப்பு மருந்து கட்டிக்கு மட்டும் போவதில்லை, வழியில் ரத்தச் சிவப்பணுக்களுக்குள்ளும் நுழைகிறது. உள்ளே போனதும் அங்கிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. பறித்ததை வைத்துக்கொள்ளாமல் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன் தலையில் கட்டிவிட்டு, மறுபடி பறிக்கப் போகிறது. இப்படி மாட்டிக்கொண்ட ஆக்சிஜனுக்குத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். அது நிலைகொள்ளாமல் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். அணுவின் தோலைக் கடிக்கும். உள்ளே ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பையும் கெடுக்கும்.

"உங்களுக்குத் தெரியாததா ஆரோக்கியம்? கிட்டத்தட்ட துருதான்" என்றார்.

துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது துருப்பிடிக்க வைக்கிற மருந்து. எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

எல்லோருடைய சிவப்பணுவிலும் இதைச் சமாளிக்கக் காவல் உண்டாம். அந்தக் காவலுக்குச் சோறு போடுகிற ஒரு நொதிக்குத்தான் ஜி6பிடி என்று பெயர். அது எனக்குப் பிறவியிலேயே குறைவு. அம்மா வழியில் வருவது. தாய்க்கோ சகோதரிக்கோ வெளியே தெரியாமலே இருக்கும், பெற்றெடுக்கும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் தெரியும். என் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அணுக்கள் ஓரம் கடித்த பிஸ்கட் போல இருந்தனவாம்.

"மருதாணில செவப்பு குடுக்குதே ஒரு சத்து, அதுவும் இதே ஜாதிதான். இதே வேலையத்தான் செய்யும். முடி கொட்டுன தலைல ரெண்டு நாள் அப்பியிருக்கீங்க. நல்லா உள்ள இறங்கியிருக்கும்."

"அப்போ மருதாணியாலதானா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"அதான் தெரியல. மருந்தா இருக்கலாம், மருதாணியா இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மருந்துதான்னா அத நிறுத்திட்டு மத்த மூணை வெச்சு ஓட்டணும். கட்டி முழுசா போறதுக்கு வாய்ப்பு கொறையும். மருதாணின்னா மருந்தைத் தொடரலாம். அடுத்த தடவை இங்கயே அஞ்சு நாள் வெச்சு, தினம் ரத்தம் பாத்துத்தான் முடிவு பண்ண முடியும்."

அவர் போன பிறகு ஸ்டெல்லாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு உயிர் வேண்டும். அதற்குச் சிவப்பு மருந்து நிரபராதி ஆக வேண்டும். மருந்து நிரபராதி என்றால் அக்காதான் குற்றவாளி. இந்தக் கணக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மத்தியானம் அக்கா ரசம் சாதம் கொண்டுவந்தாள். வாசலிலேயே, "டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு?" என்றாள். ஸ்டெல்லா தடுமாறி, காலையில் காதில் விழுந்ததையே சொல்லிவிட்டாள்: "பீடியாம் அண்ணி."

"பீடியா?" அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீயாடா? நீ பீடி குடிக்கிறியா?"

அவள் கையைப் பார்த்தேன். அரைத்து அரைத்து அவள் விரல்களும் என் விரல்களைப் போலவே சிவந்திருந்தன.

"ஆமாக்கா" என்றேன். "பட்டறைல. எப்பனாச்சும்."

என் தோளில் ஓங்கி ஓர் அறை விட்டாள். ரத்தம் ஏற்றிய கை என்றுகூடப் பார்க்கவில்லை. "ரத்தத்தயே கெடுத்துக்கினு வந்து படுத்துக்கீறியேடா பாவி" என்று அழுதாள். தொட்டறியாத பீடிக்காக நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மருதாணியும் இனி வேண்டாமாம், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்புக்குச் சாயம் ஆகாதாம் என்று ஸ்டெல்லா மெதுவாகச் சேர்த்தாள். சரி என்றாள் அக்கா.

நான்காவது தடவை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில். விடிந்ததும் ரத்தம் எடுப்பார்கள், பதினோரு மணிக்கு எண் வரும். ஒன்பது புள்ளி நான்கு. ஒன்பது புள்ளி இரண்டு. அந்தப் பதினோரு மணிக்காக நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. எண் இறங்கக் கூடாது என்று ஜெபம் செய்வேன். உடனே அக்கா முகம் வரும். ஜெபத்தைப் பாதியில் விட்டுவிடுவேன். மறுபடி பயம் வரும், மறுபடி ஆரம்பிப்பேன்.

மூன்றாம் நாள் மதியம் ஊசி மயக்கத்தில் ஒரு கனவு. நான் செய்த கேட் ஒன்று வெட்டவெளியில் தனியாக நிற்கிறது, சுவர் இல்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் டாக்டரம்மா. அக்கா அழுதுகொண்டே எதையோ கேட்கிறாள். அவர் சொல்கிறார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நிற்கிறாள். விழித்தபோது அக்கா கட்டிலருகே நின்று பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"கஞ்சி ஆறிப்போவுது. ஜல்தி குடி" என்றாள்.

ஐந்தாம் நாளும் ஒன்பதுக்குக் கீழே போகவில்லை. "மருந்து மேல தப்பு இல்ல போல. நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா தொடரலாம்" என்றார் டாக்டரம்மா. பிழைத்துக்கொள்வேன் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமும் பட்டேன்.

அதற்கடுத்த முறை கோலியனூர் போனபோது கிணற்றடி வெறிச்சென்று இருந்தது. மருதாணி இருந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும். "கம்பளிப்பூச்சி ஏறிக்கிச்சுடா, ஒரே பேஜாரு. வெட்டிட்டேன்" என்றாள் அக்கா. நானும் நம்பினேன். ஆறு தடவையும் முடிந்தது. கட்டி கரைந்தது. முடி முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக.

அதன் பிறகு பதினான்கு வருஷம், எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அக்காவின் முதல் கேள்வி ஒன்றுதான். "பீடியத் தொட்டியா?" "இல்லக்கா" என்பேன். கல்யாண வீடுகளில் இதைக் கேட்டு எல்லோரும் என்னைப் பழைய பீடிக்காரன் என்றே நினைத்தார்கள். ஜெனி கல்யாணத்துக்கு முதல் நாள் எல்லாப் பெண்களும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா கை மட்டும் வெறுமையாக இருந்தது. வேலை ஜாஸ்தி போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

ஜெனி மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அம்மா வழியில் வருவது. அக்காவிடம் இருந்தால் ஜெனியிடம் இருக்கலாம், ஜெனிக்குப் பையன் பிறந்தால் அவனுக்கு இருக்கலாம். பச்சைக்குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றிவிடும், பழந்துணிப் பெட்டியில் போடுகிற அந்துருண்டைகூட ஆகாது. சொல்லியே தீர வேண்டும். சொன்னால் பீடி பொய் என்று ஆகும், மருதாணி வெளியே வரும். நாளை நாளை என்று தள்ளினேன். திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் ஜெனிக்குப் பையன் பிறந்துவிட்டான் என்று போன் வந்தபோதும் நான் சொல்லியிருக்கவில்லை. பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் டாக்டர் வார்டில் இருந்தார். அக்கா அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை அவள் கையில் வெள்ளைத் துணியில் இருந்தது. துணியில் வெயில் வாசனைதான் வந்தது, உருண்டை வாசனை இல்லை. அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அவள் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்:

"டாக்டர், என் தம்பிக்கு ஜி... சிக்ஸ்... பி... டி... கொறைவுங்க. பீடி இல்லீங்க, பி டி. பொறக்கும்போதே வர்றது. இவனுக்கும் பாத்துடுங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

குதிகாலில் ரத்தம் எடுத்துப்போனார்கள். நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் தானாகவே சொன்னாள்.

"நாலாவது தபா, நீ மயக்கத்துல தூங்கிக்கினு இருந்த. டாக்டரம்மா வந்துச்சு. பீடியாலதானே என் தம்பிக்கு இப்பிடி ஆயிடுச்சுன்னு சொல்லி அழுதேன். அந்தம்மா, பீடி இல்லம்மா, அது ரத்தத்துல கீற ஒண்ணுன்னு சொல்லிச்சு. வேற இன்னா ஒத்துக்காதுன்னு கேட்டேன். மொதல்ல மருதாணியத்தான் சொல்லிச்சு."

"ஏன்கா என்கிட்ட கேக்கல?"

"நீதான் பீடி குடிச்சேன்னு ஒத்துக்கினியே. அதுக்கு மேல நா இன்னா கேக்கறது." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அறை வேற வுட்டுட்டேன்."

"வலிக்கலக்கா."

"பொய் சொல்லாத."

ரிப்போர்ட் இரண்டு நாளில் வந்தது. பையனுக்கும் குறைவுதான். ஆகாத மருந்துகள், ஆகாத பொருட்கள் என்று ஒரு பட்டியல் தந்தார்கள். காமாலை இலேசாக வந்தபோதே விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் குறைத்துவிட்டார்கள். இப்போது அவன் கோலியனூர் வீட்டில் கிணற்றடி வரைக்கும் ஓடுகிறான். பட்டியலை அக்கா ஜெனியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று குழந்தையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நான் கையை நீட்டி அக்காவிடமிருந்து பையை வாங்கினேன். பையை விட்டவள் என் கையை விடவில்லை. உள்ளங்கையைத் திருப்பி, அன்றைக்குப் பார்த்த மாதிரியே தொட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பீடியத் தொட்டியாடா?"

"இல்லக்கா" என்றேன். "வுட்டுட்டேன்."